நான்கு நிமிடம் முந்தி

பெர்கனில் ஜூன் மாதம் இரவு என்று ஒன்று கிடையாது.
அதிகாலை ஐந்தரைக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு
நான் என் இரவைத் திறக்கிறேன்.
பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி
சிலியின் வறண்ட பள்ளத்தாக்கொன்றில் மணி பதினொன்றரை.
கூரை விலகிய கொட்டகையில்
வாடகைத் தூண்மேல் என் தொலைநோக்கி
எங்கள் அடிவானத்தில் ஒருநாளும் தலைகாட்டாத
ஒரு சிவந்த முகிலைச்
சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கிறது.

டொடுங்.

யூ.எஸ்.பி. அறுந்தால் கணினி எழுப்பும் ஓசை.
யாரோ இரண்டு படி இறங்கி
நின்றுவிட்டதுபோல.
கேமரா இல்லை. வெப்பநிலைக் கட்டத்தில்
எண் இருந்த இடத்தில் ஒரு சிறு கோடு.

முதல் இரவு ஹப்பைச் சந்தேகித்தேன்.
மூன்றாம் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தி
இருபது எண்ணித் திரும்பக் கொடுத்தேன். பலனில்லை.
மறுநாள் டிரைவரை அழித்துவிட்டுப் பழையதை ஏற்றினேன்.
தூங்காதே, தூங்காதே என்று
கணினியின் ஐந்து மூலைகளில் டிக் அடித்தேன்.
வேகத்தைக் குறைத்தேன்,
காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி ஊற்றுகிற மாதிரி.
போன கேமரா போனதுதான்.
தொலைநோக்கியை அதன் ஓய்வு நிலைக்கு அனுப்பிவிட்டு
அழைத்தால் மட்டும் வரும்,
ஒன்றுமே நடக்காத முகத்தோடு.

கொட்டகையைப் பார்த்துக்கொள்பவர் நோல்பெர்த்தோ.
அவருக்கு நார்வேஜியன் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது.
நடுவில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி,
பாதி கேட்கும் காதோடு.
பகலில் கம்பியை மாற்றிவிட்டு எழுதினார்:
"மூன்றாம் துறைமுகம் நலமாக இருக்கிறது.
கேமரா கரையில் நிற்கிறது. கவலை வேண்டாம்."
ஸ்பானிஷில் போர்ட்டும் துறைமுகமும் ஒரே சொல்லாம்.
நான் படகுத்துறையில் வேலை பார்ப்பவள் என்று
அவரிடம் சொன்னதில்லை.

அன்றும் டொடுங்.

பணிக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில்
எரிச்சலில் கிறுக்கிவைத்த நேரங்கள்:
பதினொன்று முப்பத்தொன்று.
பதினொன்று இருபத்தேழு.
இருபத்துமூன்று.
பத்தொன்பது.
காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டு வர
ஹப்புக்குத் தெரியாது. விண்டோஸுக்குத் தெரியாது.
அப்படி வருபவை நட்சத்திரங்கள்.
என் கோளாறு
வானத்தின் கடிகாரத்தைக் கையில் கட்டியிருக்கிறது.

முகில் உச்சியைக் கடந்ததும்
தொலைநோக்கி கிழக்கிலிருந்து மேற்குக்கு உடம்பைப் புரட்டிப் போடும்.
அந்தப் புரட்டலில்தான்.

எழுதினேன்: "நீங்களே பக்கத்தில் நின்று திருப்பிப் பாருங்கள், மெதுவாக."
சிவப்பு விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு போனார்.
படம் வந்தது:
ஒரு திருகின் தலையில் மாட்டிக்கொண்டு
விறைத்து நிற்கும் கம்பி.
கேமராவின் வாயிலிருந்து ஒரு மயிரிழை
வெளியே வந்த செருகி.
கைக்கு எட்டியது,
வாய்க்கு எட்டாமல்.

சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம்.
தினமும் கடைசிப் படகைக் கட்டும்போது
கயிற்றை இறுக்காதே, தண்ணீர் ஏறும் இறங்கும் என்று
புதுப் பையன் ஷார்ட்டனிடம் கத்துகிறவள் நான்.
கேமரா மாட்டிய நாளில்
இருக்கிற கம்பியே போதும் என்று எழுதி அனுப்பியவளும் நான்.

பழைய சைக்கிள் டியூபைக் கீறி
ஒரு வளையம் விட்டுத் தளர்வாகக் கட்டினாராம்.
"இப்போது அது மூச்சு விடும்" என்றது செயலி.
அவர் அப்படித்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பதினொன்று பதினைந்து.
பெட்டிச் சத்தத்தைக் கூட்டிவைத்துக் காத்திருந்தேன்.
பதினாறு.
இருபது.
வெளியே மழை. வேலைக்குத் தாமதம்.

அப்போது அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு.
முதலில் நாய்கள், பிறகு காற்று, பிறகு யாரும் பேசவில்லை.
போனைத் தொலைநோக்கிக்கு அருகில் பிடித்திருக்கிறார்.
நான்கு வருடமாக நான் தொட்டிராத, பார்த்திராத இயந்திரம்
மெல்லிய குரலில் முனகிக்கொண்டே
திரும்புகிறது.